ரைஃபிள் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் கண்ணைப் பாருங்கள்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்தேன். சேலத்தில்தான். 'புதியவர்களுக்கு ஏற்ற வகுப்பு, முன் அனுபவம் தேவையில்லை' என்று விளம்பரம் வந்திருந்தது. அதில் எனக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகப் போனது, ஒரு கோடைக்காலமும் போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் தெரியாமல் ஒவ்வொரு வகுப்பு முடிந்தும் தலைவலியோடு வீடு திரும்பினேனே, அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் யாராவது இதில் சேர நினைத்தால், அதுவும் பெண்கள், துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகப் போய்ச் சேருகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தபோது தரையில் படுத்துக்கொண்டு .22 ரைஃபிளில் சுட்டிருக்கிறேன். அந்த ஆசை அப்படியே உள்ளுக்குள் கிடந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியபோது வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அந்த ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கலந்துகொண்டார். "அம்மா, நீயும் போயேன்" என்றாள் மகள். அவள் கல்லூரி விடுதிக்குப் போனபின் சாயங்காலங்கள் காலியாகத்தான் இருந்தன. சரி, போகலாம் என்று கிளம்பினேன்.

முதலில் இது என்ன பயிற்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் போலீஸ் துப்பாக்கி என்றே நினைக்கிறார்கள். புதியவர்களுக்கு ஆரம்பம் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான். வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளிவிடும். அந்தக் குண்டைப் பெல்லட் என்பார்கள். இலக்கு அட்டையில் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் ஒன்றாம் வளையத்தின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பத்து, அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. 10 மீட்டர் தள்ளி நின்று, படுக்காமல், எதிலும் சாயாமல், நின்றபடியே சுட வேண்டும். போட்டியில் 60 குண்டுகள். மின்னணு இலக்கு என்றால் அதற்கு 75 நிமிடம். ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9 என்று தசமத்தில் கணக்குப் போடுவார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் கூடியது. மில்லிகிராம் பார்க்கும் தொழிலில் இருப்பதாலோ என்னவோ.

உரிமம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்போகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். 0.22 ஏர் ரைஃபிள் என்றால் உரிமம் வேண்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்கிவிடாமல், பில்லில் குழல் விட்டம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் முதல் ஆறு மாதம் எதையும் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதற்குக் காரணம் கீழே வரும்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, உயரம், 'வலக்கையா இடக்கையா' என்றெல்லாம் இருந்தது. வலக்கை என்று எழுதினேன். மாதக் கட்டணம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். கட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெல்லட் தனி. இலக்கு அட்டை தனி. ஆறேழு பேர் இருந்த எங்கள் வகுப்புக்கு ரைஃபிள் இரண்டுதான். ஒரு மணி நேர வகுப்பில் என் கைக்கு அது வருவது கால் மணி நேரம்கூட இருக்காது. மிச்ச நேரம் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்க வேண்டியதுதான். பெண்களுக்கு உடை மாற்ற இடமும் இல்லை. அலுவலக அறையில் பீரோவுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் தவறாக நடக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பெண் வருவாள் என்று அந்த இடத்தை அமைத்தவர்கள் யோசித்திருக்கவே இல்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு நேரத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எத்தனை ரைஃபிள், ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம், பெல்லட் கட்டணத்தில் சேருமா, சுடும்போது போடும் கெட்டி ஜாக்கெட் இரவல் கிடைக்குமா, கழிப்பறை எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதைச் சங்கடமாக நினைக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

முதல் வாரம் துப்பாக்கியைத் தொட விடவில்லை. பாதுகாப்பு விதிகள் மட்டும்தான். இந்த விஷயத்தில் அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்லவே மாட்டேன். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும், குண்டு இல்லை என்று தெரிந்தாலும். குறி வைக்கும் வரை விரல் விசையை, அதாவது டிரிக்கரை, தொடக் கூடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறு கோத்திருக்க வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தாலே 'இதில் குண்டு இல்லை' என்று தெரிவதற்காக. இலக்கு அட்டை மாற்ற யாராவது முன்னால் போனால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டும். 'ஸ்டாப்' என்று குரல் வந்தால் விசையில் விரல் இருந்தாலும் அப்படியே நிறுத்த வேண்டும். கல்லூரிப் பையன் ஒருவன் விளையாட்டாகக் குழலைத் திருப்பியதற்கு அன்று முழுக்க அவனை வெளியே நிற்க வைத்தார். நீங்கள் போகும் இடத்தில் இந்தக் கண்டிப்பு இல்லையென்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்காதது இதுதான். போட்டி ரைஃபிள் நான்கு ஐந்து கிலோ இருக்கும். கை பலத்தால் அதைப் பிடிக்க முயன்றால் இரண்டாவது நிமிடத்தில் கை நடுங்கிவிடும். இடது பக்க இடுப்பை இலக்கை நோக்கித் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் வளைத்து, எடையை எலும்பு வழியாகக் காலுக்கு இறக்க வேண்டும். வலக்கை விசைக்கு மட்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பு இதற்கு நன்றாக வாகாக அமையும் என்றார், உண்மைதான். ஆனால் முதுகு வலி வரும். முதல் இரண்டு வாரம் காலையில் எழுந்து தண்ணீர்க் குடம் தூக்கும்போதெல்லாம் தெரிந்தது. ஏற்கெனவே முதுகுத் தண்டில் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அந்த முதுகைக் காப்பாற்றத்தான் ஜாக்கெட். கெட்டியான கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்தது, போட்டால் குனியவே முடியாது. ஏப்ரல் மாதம், தகரக் கூரைக் கூடம், வெளியே சேலத்து வெயில். அதற்குள் இந்த ஜாக்கெட். ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானாகக் கண்டுகொண்டவை சில. உள்ளே மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், மடிப்பும் தடித்த தையலும் இல்லாமல். உங்கள் முறை முடிந்த உடனே பொத்தான்களைக் கழற்றிவிடுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொண்டு போங்கள். காபியைப் பயிற்சிக்கு முன் விட்டுவிடுங்கள், நெஞ்சுத் துடிப்பு குறி வளையத்தில் அப்படியே தெரியும். புடவையும் துப்பட்டாவும் வேண்டாம். ஜிமிக்கி கன்னத்தைச் சாய்க்கும் இடத்தில் இடிக்கும், தாலிச் சங்கிலி கட்டைக்கும் (துப்பாக்கியின் தோளில் பதியும் பின்பகுதி) நெஞ்சுக்கும் நடுவில் அழுந்தும், இரண்டையும் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னலைக் கட்டைக்கு எதிர்ப்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவையும் சொல்ல ஒரு பெண் பயிற்சியாளர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இனிதான் என் கதையின் கசப்பான பகுதி. போட்டி ரைஃபிளில் குறி பார்ப்பது வேறு மாதிரி. கண்ணுக்கு அருகே ஒரு சின்னத் துளை, குழலின் முனையில் ஒரு வளையம். துளை வழியாகப் பார்த்து, வளையத்துக்குள் இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சரி நடுவில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். ஒரு கண்ணை மூடினால் முகத் தசை இழுத்துக்கொண்டு திறந்த கண்ணும் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதனால் அவர் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு கண்ணையும் திறந்தால் எனக்குக் கறுப்பு வட்டம் இரண்டாகத் தெரிந்தது. சில விநாடி சரியாக இருக்கும், திடீரென்று வளையம் மங்கிப் போய், எதிர்ச் சுவரும் பக்கத்துப் பாதையும் முன்னால் வந்து நிற்கும். "சார், எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுதுங்க" என்றேன். "ஆரம்பத்துல அப்படித்தாங்க இருக்கும் மேடம், பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். என்.சி.சி.யில் இடக்கண்ணை மூடிக்கொண்டு சுடத்தான் சொன்னார்கள், அதனால் அங்கே இந்தச் சிக்கலே எனக்குத் தெரிந்ததில்லை.

பழகினேன். சரியாகவில்லை. கண்ணைச் சுருக்கினால் ஓரளவு தெரிந்தது, அப்படியே சுட்டேன். வகுப்பு முடிந்து ஜங்ஷன் பக்கம் பேருந்துக்கு நிற்கும்போது நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். மகள் வயதுப் பெண்கள் எட்டு, ஒன்பது என்று அடிக்கும்போது என் அட்டையில் குண்டுகள் நான்கு திசையிலும் சிதறிக் கிடக்கும். "வயசாயிட்டா கொஞ்சம் கஷ்டந்தாங்க" என்று பயிற்சியாளர் ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று இரவு அழுதேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அட்டைகளைப் பற்றி ஒன்று. குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் நடுவிலிருந்து தள்ளியிருந்தால் கவலையே இல்லை. குறிக்கருவியின் திருகை நாலு சொடுக்கு நகர்த்தினால் போதும், மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்துவிடும். சிதறினால்தான் பிரச்சினை நம்மிடம் இருக்கிறது: நிற்பதில், மூச்சில், விசையில், இல்லை கண்ணில். அதனால் ஆரம்பத்தில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்காதீர்கள், நெருக்கத்தை மட்டும் பாருங்கள். அட்டைகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நான் வைத்திருந்தேன், அதுதான் பிறகு உதவியது.

இந்த நேரத்தில்தான் ஜாக்கெட் வாங்கச் சொன்னார்கள். இரவல் ஜாக்கெட் அளவு சரியில்லாததால்தான் ஆடுகிறது, சொந்தமாக வாங்கினால் மதிப்பெண் ஏறும் என்றார்கள். ஜாக்கெட் பதினோராயிரத்து ஐந்நூறு, கையுறை ஆயிரத்து எண்ணூறு, காலணியும் பேன்ட்டும் தனியாகப் பத்தாயிரத்துக்கு மேல். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கினேன். தலைவலிக்குக் கண் மருத்துவரிடமும் போனேன். வெள்ளெழுத்து ஆரம்பித்திருக்கிறது என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று ஒரே கண்ணாடியில் இருப்பது. கணக்கு எழுத அது நன்றாக இருந்தது. துப்பாக்கியின் முன் நிலைமை இன்னும் மோசமானது, ஏனென்றால் தலையைக் கட்டையில் சாய்க்கும்போது கண்ணாடியின் எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறோம் என்பதே மாறிவிடுகிறது.

மே மாத இறுதியில் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் வைத்தார்கள். மேலே குளுகுளுவென்று இருக்கும், ஜாக்கெட் போட்டால் வேர்க்காது என்பதற்காகவே பலர் வந்தார்கள். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறி முடித்த கையோடு நின்று குறி பார்க்க நினைக்காதீர்கள். தலைசுற்றல் வெளியே தெரியாவிட்டாலும் உடம்பின் ஆட்டம் அட்டையில் தெரியும். முந்தைய நாள் மாலையே போய்த் தூங்கி எழுவது உத்தமம். காலை மூடுபனியில் விரல் விறைத்துப் போகும், போட்டி ரைஃபிளின் விசை நூறு கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் விழுந்துவிடும், விறைத்த விரலுக்கு அது எப்போது விழுகிறது என்றே தெரியாது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு போய் நில்லுங்கள்.

முகாமுக்குக் கோவையிலிருந்து ஒரு மூத்த பெண் பயிற்சியாளர் வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். நான் சுடுவதைப் பின்னாலிருந்து பார்க்காமல் பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் கண்ணு இப்படி இடது கண்ண இறுக்குற?" என்று கேட்டார். இரண்டு இரண்டாகத் தெரிவதைச் சொன்னேன். துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை வருகிற மாதிரி வைக்கச் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாக எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். "இப்ப இடது கண்ண மூடு." கடிகாரம் காணாமல் போய், வெறும் சுவர் தெரிந்தது. "வலது கண்ண மூடு." கடிகாரம் அங்கேயே இருந்தது. அவ்வளவுதான். எனக்கு எழுதுவது வலக்கை, பார்ப்பது இடக்கண். இத்தனை நாளும் வலத் தோளில் துப்பாக்கியை வைத்து, வலக்கண்ணைத் துளையில் வைத்து, மூளை நம்புகிற இடக்கண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தது. வயதும் காரணமில்லை, கை நடுக்கமும் காரணமில்லை. சேர்ந்த அன்று அந்தப் படிவத்தில் 'எந்தக் கண்' என்று ஒரு வரி இருந்திருந்தால் போதுமே. இது அபூர்வமான ஒன்றும் இல்லை, வலக்கைக்காரர்களில் இடக்கண் முந்துகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், சுடும் பயிற்சியில் முதல் நாள் பார்க்க வேண்டிய விஷயமே இதுதான் என்றார் அந்த அம்மா. அவர் என் பழைய அட்டைகளை வாங்கிப் பார்த்தார். சிதறல் எல்லாம் பக்கவாட்டில்தான் அதிகம் இருந்தது. கண் மாறி மாறிப் பிடித்ததால் வந்தது என்று காட்டினார்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, வலத் தோளிலேயே தொடர்ந்து, இடக்கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு வைப்பது. பால் வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கறுப்பு கூடாது. வெள்ளையில் வெளிச்சம் இரண்டு கண்ணுக்கும் சமமாகப் போகும், உருவம் மட்டும் தெரியாது. விதிப்படி அகலம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய டப்பா மூடியை வெட்டிக்கூடச் செய்துகொள்ளலாம். இன்னொரு வழி, மொத்தமாக இடத் தோளுக்கு மாறுவது. பல வருடம் சுட்டுப் பழகியவர்களுக்கு மறைப்புதான் நல்லது, புதியவர்கள் மாறிவிடலாம், இரண்டையும் செய்து பார்த்துவிட்டு முடிவெடு என்றார். மறைப்பு வைத்ததும் இரட்டை உருவம் போனது, ஆனாலும் கண் துளையிலிருந்து விலகி விலகிப் போனது. இடத் தோளில் வைத்தபோது உடம்பு தடுமாறியது, இடக்கையால் கோலம் போடச் சொன்ன மாதிரி. ஆனால் கறுப்பு வட்டம் வளையத்துக்குள் அசையாமல் உட்கார்ந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. என்னோடு பயிலும் ஒரு பிளஸ் டூ மாணவிக்கும் இதே பிரச்சினை இருப்பது அன்று தெரிந்தது. அவள் மறைப்போடு வலத் தோளிலேயே தொடர்கிறாள், நன்றாகவும் சுடுகிறாள். எனவே இதுதான் சரி என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது செலவுக் கணக்கு. இந்த ஜாக்கெட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வலத் தோளில் கட்டை பதியும் இடத்திலும், தாங்கும் கையின் முழங்கையிலும் தனியாகத் தோல் வைத்துத் தைத்திருக்கும். இடத் தோளுக்கு மாறினால் அது உதவாது. கையுறை துப்பாக்கியைத் தாங்கும் கைக்கு மட்டும், அதுவும் இடக்கைக்கு வாங்கியது, எனக்கு வேண்டியது வலக்கைக்கு. காலணியும் பேன்ட்டும் தப்பித்தன. ஜாக்கெட்டை ஐயாயிரத்துக்கு விற்றேன், கையுறையை அதோடு சும்மா கொடுத்தேன். இரண்டு மாதக் கட்டணம், பெல்லட், கண் மருத்துவர் என்று எல்லாம் சேர்த்தால்தான் முதலில் சொன்ன இருபதாயிரத்துச் சொச்சம் வருகிறது. அதனால்தான் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள் என்கிறேன். எந்தத் தோள் என்று உறுதியான பிறகும், முதலில் காலணி, பிறகு கையுறை, கடைசியில் ஜாக்கெட். ரைஃபிள் அதற்கெல்லாம் பிறகு. வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள்களின் விலை லட்சங்களில் போகிறது. பழையது யாராவது விற்றால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குப் பத்து வருட ஆயுள்தான் தருகின்றன, காலாவதியான உருளையோடு போட்டிக்குப் போக முடியாது, புது உருளை தனிச் செலவு. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் பழக ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கி, குண்டில்லாமல் விசையை அழுத்தி அழுத்திப் பழகினான். குண்டு தடுக்காவிட்டால் உள்ளே உள்ள பிஸ்டன் நேராகப் போய் மோதும், சீக்கிரமே அது கெட்டுப்போனது. குண்டில்லாமல் பழகுவது மிக நல்ல பயிற்சி, ஆனால் அதற்கென்று வசதி உள்ள போட்டி ரைஃபிளில், கூடத்தில் செய்யுங்கள். வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் அந்த நிலையில் நின்று, கண்ணை மூடி, மூச்சை விட்டு, திறக்கும்போது சுவரில் வைத்த பொட்டுக்கு நேராக இருக்கிறோமா என்று பாருங்கள். இல்லையென்றால் கையைத் திருப்பாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். இதற்குக் காசே ஆகாது, எனக்கு அதிகம் பலன் தந்ததும் இதுதான்.

முகாம் முடிந்து வந்து பயிற்சியாளரிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். சொன்னேன் என்பது அவருக்கு நினைவில் இல்லை. எனக்கு அது வலித்தது. ஆனால் அடுத்த வாரம் புதிதாகச் சேர வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து அந்த முக்கோணப் பரிசோதனையைச் செய்தார். இரண்டு தோளுக்கும் பொருந்தும் கட்டை வைத்த ரைஃபிள் ஒன்றை எனக்காக எடுத்து வைத்தார். அங்கேதான் தொடர்கிறேன்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எங்கள் கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. பெல்லட் ஈயம். விரலில் கறுப்பாக ஒட்டும். சின்னப் பிள்ளைகள் குண்டை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் துப்பாக்கியைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன், பதறிவிட்டது. கூடத்துக்குள் எதையும் சாப்பிடக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையோ தட்டுவடை செட்டோ தொடக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும் பால் கொடுக்கும் அம்மாக்களும் மருத்துவரிடம் கேட்காமல் போகவே வேண்டாம். பயிற்சிச் சட்டையைக் குழந்தைத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

ஏற்காட்டில் எங்கள் உறவினர் ஒருவருக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. நான் சுடக் கற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்ததும், "அம்மிணி, வந்து இந்தக் குரங்குகள நாலு தட்டு தட்டிட்டுப் போ" என்றார். அவர் மிளகும் பழமும் இழப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். காட்டு விலங்குகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் விலங்கைச் சுட அனுமதி என்று ஆகிவிடாது. நீங்கள் இதில் சேர்ந்தால் இப்படிக் கேட்கிற உறவினர் யாராவது நிச்சயம் வருவார்கள், முதல் தடவையே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கண்ணாடி. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது முக்கியம். கண்ணாடிக் கடையில் தூரம், கிட்டம் என்று இரண்டுக்கும் அளவெடுப்பார்கள். நமக்குக் கூர்மையாகத் தெரிய வேண்டியது குழல் முனையில் இருக்கும் வளையம், ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். கறுப்பு வட்டம் லேசாக மங்கலாக இருந்தால் பரவாயில்லை. இதை நான் மருத்துவரிடம் விளக்கிய பிறகு, ஒரே பவர் உள்ள தனிக் கண்ணாடி எழுதித் தந்தார். சாய்ந்த தலையோடு பார்க்கும்போது கண் வில்லையின் நடுவில் வருகிற மாதிரி சட்டத்தைப் பொருத்த வேண்டும், அதனால் சுடும் நிலையில் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரப் பையன் புரிந்துகொண்டு மூக்குப் பிடியை வளைத்துக் கொடுத்தான். அதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. தலைவலி அதோடு நின்றது.